வீடு நிறைய ஆள், மனசுவிட்டுப் பேச ஆள் இல்லை

கேள்வி:

எனக்கு 52 வயது. பொதுத்துறை வங்கியில் மேலாளர். 27 வருட சர்வீஸில் 9 ஊர் மாற்றல். இரண்டு வருடத்துக்கு முன்புதான் சொந்த ஊரான திருச்சிக்கு வந்து சேர்ந்தேன். மனைவி பள்ளி ஆசிரியை. 78 வயது அம்மா எங்களோடு இருக்கிறார். மகன் புனேயில் வேலை பார்க்கிறான். ஞாயிற்றுக்கிழமை முழுக்க "சாப்பாடு ஆச்சா", "மோட்டார் போட்டாச்சா" என்பதைத் தவிர வீட்டில் வேறு பேச்சு கிடையாது. கல்லூரி நண்பர்கள் வாட்ஸ்அப் குரூப்பில் 47 பேர் இருக்கிறோம். போன மாதம் அதில் மூன்று பேர் திருச்சியிலேயே சந்தித்துச் சாப்பிட்ட படத்தைப் போட்டிருந்தார்கள். என்னைக் கூப்பிடவில்லை. அன்றைக்கே குரூப்பை விட்டு வெளியேறிவிட்டேன். ஒரு காலத்தில் உயிருக்குயிராக இருந்த நண்பன் தஞ்சாவூரில் இருக்கிறான். சண்டை எதுவும் இல்லை, ஆனால் பேசி ஆறு வருடம் ஆகிறது. கல்யாண வீடுகளுக்குப் போகவே பிடிக்கவில்லை. மண்டபச் சத்தத்தில் யார் என்ன சொல்கிறார்கள் என்று பிடிபடாமல், தலையாட்டிவிட்டு வந்துவிடுகிறேன். விடிகாலை மூன்று மணிக்கு விழிப்பு வந்தால் பிறகு தூக்கம் இல்லை. மனைவியிடம் சொன்னால் "உங்களுக்கு என்ன குறை வெச்சோம்?" என்கிறாள். இதெல்லாம் ஒரு பிரச்சினையா, வயதானால் இப்படித்தானா?

– பெயர் வெளியிட வேண்டாம், திருச்சி

பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

பிரச்சினைதான். வயதானால் இப்படித்தான் என்று விட்டுவிடக் கூடியதும் இல்லை. உலகில் ஆறு பேரில் ஒருவர் தனிமையால் பாதிக்கப்படுவதாக உலக சுகாதார நிறுவனம் 2025 ஜூன் மாத அறிக்கையில் சொல்லியிருக்கிறது. வீட்டில் மூன்று பேர் இருந்தும், போனில் 47 பேர் இருந்தும் இதை உணர்கிறேன் என்று எழுத உங்களுக்குத் துணிச்சல் வேண்டியிருந்திருக்கும். அதை மதிக்கிறேன்.

போகிற போக்கில் நீங்கள் எழுதியிருக்கும் ஒரு வரியிலிருந்து தொடங்குகிறேன். மண்டபச் சத்தத்தில் பேச்சு பிடிபடவில்லை என்கிறீர்கள். ஐம்பதைத் தாண்டும்போது பலருக்குக் காதின் கேட்கும் திறன் உச்ச ஸ்தாயி ஒலிகளில்தான் முதலில் குறையும். அ, ஆ, ஓ போன்ற உயிரொலிகள் கனமானவை, அவை கேட்டுவிடும். ச, த, க, ப போன்ற மெல்லிய மெய்யொலிகள் நழுவிப் போகும். அதனால்தான் 'சத்தம் கேட்கிறது, சொல் புரியவில்லை' என்ற நிலை வருகிறது. அமைதியான வீட்டில் இது தெரியாது. நாதஸ்வரம், தவில், மைக், ஜெனரேட்டர் எல்லாம் சேர்ந்த மண்டபத்தில் காட்டிக்கொடுத்துவிடும். விட்டுப்போன ஒலியை ஊகித்து நிரப்ப மூளை இடைவிடாமல் உழைக்கிறது. ஒரு மணி நேரத்தில் களைப்பு வந்துவிடும். 'எனக்கு மனிதர்களே பிடிக்காமல் போய்விட்டது' என்று பலர் நினைத்துக்கொள்வது உண்மையில் இந்தக் களைப்பைத்தான். இன்னும் இரண்டு அறிகுறிகளைக் கவனியுங்கள்: டிவி சத்தத்தைக் குறைக்கச் சொல்லி வீட்டில் யாராவது அடிக்கடி சொல்கிறார்களா, போனில் ஒரு காதை விட்டு மறு காதுக்கு மாற்றினால் தெளிவாகக் கேட்கிறதா?

காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போங்கள். முதலில் காதில் அழுக்கு அடைத்திருக்கிறதா என்று பார்ப்பார். சிலருக்கு அதை எடுத்தாலே முடிந்தது. பிறகு ஆடியோகிராம் என்ற கேட்கும் திறன் பரிசோதனை. ஒலி புகாத அறையில் ஹெட்போன் மாட்டி அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும், வலி கிடையாது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலேயே செய்கிறார்கள். கருவி தேவை என்று சொன்னால் தள்ளிப்போடாதீர்கள். தேவையில்லை என்றால், இனி மண்டபத்தில் ஸ்பீக்கரிலிருந்து தள்ளி, சுவருக்கு முதுகு காட்டி, பேசுகிறவர் முகத்தில் வெளிச்சம் படும்படி உட்காருங்கள். புரியாத இடத்தில் தலையாட்டாதீர்கள். "சத்தமா இருக்கு, வெளியே வராந்தாவுக்கு வாங்களேன், ரெண்டு நிமிஷம் பேசலாம்" என்று சொல்லுங்கள். கூட்டத்தில் தன்னைத் தனியே அழைத்துப் பேச ஒருவர் விரும்புகிறார் என்பதை யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

அடுத்து, மனசுக்கு. கீழே மூன்று கேள்விகள் இருக்கின்றன. தனிமையை அளக்க ஆய்வாளர்கள் பயன்படுத்தும் ஒரு குறுகிய அளவுகோலின் கேள்விகள் இவை. ஒவ்வொன்றுக்கும் 'அநேகமாக இல்லை' என்றால் 1, 'சில சமயம்' என்றால் 2, 'அடிக்கடி' என்றால் 3 போட்டுக்கொள்ளுங்கள். துணைக்கு ஆள் இல்லை என்று எவ்வளவு தடவை தோன்றுகிறது? உங்களை ஒதுக்கிவிட்டதாக எவ்வளவு தடவை தோன்றுகிறது? மற்றவர்களிடமிருந்து துண்டிக்கப்பட்டதாக எவ்வளவு தடவை தோன்றுகிறது? கூட்டுத்தொகை 3 முதல் 9 வரை வரும். 6 அல்லது அதற்கு மேல் என்றால் பொதுவாகத் தனிமை என்று கணக்கில் கொள்கிறார்கள். தேதி போட்டு டைரியில் எழுதிவையுங்கள். கடைசியில் இது வேண்டியிருக்கும்.

இந்த நிலை எப்படி வந்தது? நீங்கள் மாறிவிட்டதாகவோ நண்பர்கள் மறந்துவிட்டதாகவோ நினைக்கிறீர்கள். நான் பார்ப்பது அந்த 9 மாற்றல்களை. கல்லூரியில் நட்புக்காக நீங்கள் ஒரு முயற்சியும் செய்யவில்லை. ஒரே விடுதி, ஒரே மெஸ், ஒரே டீக்கடை. தினமும் முகம் பார்த்தீர்கள், பேச்சு தானாக நடந்தது. அமெரிக்காவின் கன்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி ஹால் என்ற ஆய்வாளர், நட்புக்கு எத்தனை மணி நேரம் ஆகிறது என்று கணக்கெடுத்து 2018இல் வெளியிட்டார். தெரிந்தவர் என்ற நிலையிலிருந்து சாதாரண நண்பராக ஏறக்குறைய 50 மணி நேரம், நல்ல நண்பராக 90 மணி நேரம், நெருங்கிய நண்பராக 200 மணி நேரத்துக்கு மேல். ஒன்றாக வேலை பார்க்கும் நேரம் அந்த அளவுக்கு நெருக்கத்தைத் தருவதில்லை என்பதும் அதில் தெரிந்தது. மூன்று வருடத்துக்கு ஒரு ஊர், அங்கேயும் கிளையில் இரவு எட்டு மணி வரை வேலை என்றால் அந்த 200 மணி நேரம் எங்கிருந்து வரும்? ஒவ்வொரு ஊரிலும் நூறு பேரைத் தெரிந்துகொண்டு, ஒருவரையும் நெருங்காமல் பெட்டி கட்டியிருக்கிறீர்கள். இதில் உங்கள் குணத்தின் மீது பழி எதுவும் இல்லை.

இன்னொன்று, உங்களுக்கு ஓய்வு பெற எட்டு வருடம் இருக்கிறது. இப்போது தினமும் இருபது முகங்களையாவது பார்க்க வைப்பது அலுவலகம்தான். 60 வயதில் அதுவும் நின்றுவிடும். எனவே தொடங்க வேண்டிய காலம் இது.

புதியவரோடு வாரம் இரண்டு மணி நேரம் செலவழித்தால் 50 மணி நேரத்துக்கு ஆறு மாதம், 200 மணி நேரத்துக்கு இரண்டு வருடம். பழைய நண்பர்களோடு அந்தக் கணக்கைப் பூஜ்யத்திலிருந்து தொடங்க வேண்டியதில்லை. அதனால்தான் முதலில் அவர்களிடம் போகச் சொல்கிறேன்.

அந்தப் படத்துக்கு வருகிறேன். மூன்று பேர் சாப்பிட்டார்கள், கூப்பிடவில்லை. வலித்திருக்கும். தனிமை நீண்டுகொண்டே போனால் மனம் எச்சரிக்கை நிலைக்குப் போய்விடுகிறது, புறக்கணிப்பு எங்கே வருகிறது என்று தேடிக்கொண்டே இருக்கிறது. சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஜான் கசியோப்போ பல ஆண்டுகள் தனிமையை ஆராய்ந்து விளக்கிய விஷயம் இது. பசி எடுத்தவனுக்குச் சாப்பாட்டு வாசனை தெரிவது மாதிரி, தனித்திருப்பவனுக்கு அவமதிப்பின் வாசனை தூரத்திலேயே அடிக்கும். பிறகு அவன் விலகுவான், விலகியவனை மற்றவர்கள் தொந்தரவு செய்ய மாட்டார்கள். 'பார்த்தாயா, ஒருத்தனும் கேட்கவில்லை' என்று அவன் இன்னும் விலகுவான். நீங்கள் குரூப்பிலிருந்து வெளியேறியது இந்தச் சுற்றின் முதல் படி. ஒரு தாளில் எழுதிப் பாருங்கள்: அவர்கள் கூப்பிடாததற்கு, உங்களைப் பிடிக்கவில்லை என்பதைத் தவிர வேறு என்ன மூன்று காரணங்கள் இருக்க முடியும்? ஒன்றை நானே சொல்கிறேன். 25 வருடமாக நீங்கள் அவர்கள் மனதில் வெளியூர்க்காரர். நீங்கள் திருச்சியில் இருப்பது அவர்களில் எத்தனை பேருக்கு உறைத்திருக்கும்?

அந்த மூவரில் உங்களோடு அதிகம் பழகியவரைப் போனில் கூப்பிடுங்கள். நீண்ட விளக்கச் செய்தி அனுப்ப வேண்டாம், எழுத்தில் அது குற்றச்சாட்டாகத்தான் படும். இப்படிச் சொல்லலாம்: "போட்டோ பார்த்தேன்டா. நானும் வந்திருக்கலாமேன்னு ஏக்கமா இருந்துச்சு. நான் ரெண்டு வருஷமா திருச்சியிலதான் இருக்கேன். அடுத்த தடவை எனக்கும் ஒரு போன் போடு." அவ்வளவுதான். 'ஏன் கூப்பிடலை' என்ற கேள்வி வேண்டாம். அதற்கு அவர் ஒரு சமாதானம் கண்டுபிடிக்க வேண்டியிருக்கும், பேச்சு அங்கேயே திசை மாறிவிடும். குரூப்பில் திரும்பச் சேர்க்கவும் அவரிடமே கேளுங்கள். சேர்ந்த பிறகு அதன் அறிவிப்பு ஒலியை அணைத்துவைத்துவிட்டு, தேவைப்படும்போது மட்டும் பாருங்கள். 47 பேர் குரூப்பில் காலை வணக்கம் பரிமாறலாமே தவிர நட்பு நடத்த முடியாது.

தஞ்சாவூர் நண்பருக்கு வேறு விதமான அழைப்பு. ஆறு வருடம் கழித்துப் பேசுவது எதிரில் இருப்பவருக்குத் தொந்தரவாக இருக்குமோ என்று நாம் எல்லோரும் தயங்குகிறோம். எதிர்பாராமல் ஒருவர் தொடர்புகொள்ளும்போது பெறுகிறவர் எவ்வளவு மகிழ்கிறார் என்பதைக் கூப்பிடுகிறவர் குறைத்தே மதிப்பிடுகிறார் என்று 2022இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டுகிறது. எதிர்பாராத அழைப்பு என்பதாலேயே மகிழ்ச்சியும் கூடுகிறது.

ஆனால் நம் ஊரில் ஒரு சிக்கல் உண்டு. வருடக்கணக்கில் பேசாதவர் திடீரென்று கூப்பிட்டால் 'பத்திரிகை வைக்கப் போகிறானா, பணம் கேட்கப் போகிறானா' என்றுதான் முதலில் நினைப்பார்கள். நீங்கள் வங்கிக்காரர் வேறு. டெபாசிட், இன்சூரன்ஸ் என்று நினைக்கவும் வாய்ப்பிருக்கிறது. ஆகவே முதல் வாக்கியத்திலேயே முடிச்சை அவிழ்த்துவிடுங்கள்: "ஒரு வேலையும் இல்லடா, உன் குரலைக் கேக்கணும்னு தோணுச்சு." பிறகு இருவருக்கும் மட்டும் தெரிந்த ஒரு பழைய நினைவு. பிறகு உங்களைப் பற்றி உண்மையான ஒரு வரி, உதாரணமாக, "ஊருக்கு வந்துட்டேன், ஆனா பேச ஆளில்லாம இருக்கு." இந்த வரியைத்தான் ஆண்கள் விழுங்கிவிடுகிறார்கள். 'எல்லாம் நல்லா போகுது' என்று நீங்கள் சொன்னால் அவரும் அதையே சொல்வார், ஐந்து நிமிடத்தில் பேச்சு வற்றிவிடும். பத்து நிமிடத்துக்குள் நிறுத்திக்கொண்டு, வைப்பதற்கு முன் தேதி கேளுங்கள். 'ஒருநாள் பார்ப்போம்' என்பதில் அந்த ஒருநாள் வருவதே இல்லை. "வர்ற ரெண்டாவது ஞாயிறு காலையில ரயிலேறி வர்றேன், வீட்ல இருப்பியா?" என்று கேளுங்கள். தஞ்சாவூர் ஏறக்குறைய ஒரு மணி நேரப் பயணம்தான்.

எடுக்கவில்லை என்றால் இரண்டு மூன்று வாரம் இடைவெளி விட்டு இன்னும் இரண்டு முறை முயலுங்கள். மூன்றுக்கும் பதில் இல்லாவிட்டால் அவர் வீட்டில் நோய், கடன், பிள்ளைகள் கவலை என்று ஏதோ இருக்கலாம். கதவைச் சாத்தாமல் அடுத்த பெயருக்குப் போங்கள். இதற்காகவே ஒரு தாளில் ஐந்து பெயர்களை எழுதிவைத்துக்கொள்வது நல்லது. ஐம்பது பெயர் வேண்டாம்.

சந்திப்பு நடந்ததும் அதை ஒரு கிழமையில் கட்டிப்போட வேண்டும். இதுதான் நான் மிகவும் வற்புறுத்துவது. மாதத்தின் முதல் ஞாயிறு, காலை 6 மணி, அதே இடம். வருகிறவர் வரட்டும், வராதவருக்கு அடுத்த மாதம். நடுவயதில் சந்திப்புகள் சாவது அன்பு குறைந்ததால் இல்லை. ஒவ்வொரு முறையும் யார் எப்போது எங்கே என்று முடிவெடுக்கும் சுமையால்தான். கிழமை நிலையாகிவிட்டால் அந்தச் சுமை போய்விடும். மூன்று அல்லது நான்கு பேர் போதும். ஐந்தாவது ஆள் வந்ததும் பேச்சு இரண்டாக உடையும், உங்கள் காதுக்கும் சிரமம். அண்ணா விளையாட்டரங்கிலோ உங்கள் பகுதிப் பூங்காவிலோ ஒரு மணி நேரம் நடந்துவிட்டு டீயோ டிபனோ சாப்பிடலாம். எதிரெதிரே உட்கார்ந்தால் பேச்சு வராத ஆண்களுக்குத் தோளோடு தோள் நடக்கும்போது வரும்.

இது கெடுவதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, காசு. நால்வரில் ஒருவர் வசதி குறைந்தவராக இருப்பார், பெரிய ஓட்டலுக்குப் போனால் இரண்டாவது மாதம் அவருக்கு 'வேலை' வந்துவிடும். செலவை 50 ரூபாய்க்குள் வையுங்கள். இன்னொன்று, மது. நண்பர்கள் கூடினால் பாட்டில் என்ற பழக்கம் பலரிடம் இருக்கிறது. அன்றைக்குப் பேச்சு பொங்கும், மறுநாள் யாருக்கும் எதுவும் நினைவிருக்காது, வீட்டில் அடுத்த முறை அனுப்ப மாட்டார்கள். விடிகாலை நேரத்தைச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

புதிய முகங்களும் வேண்டும். மாவட்ட மைய நூலகத்தில் போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளைப் பார்த்திருப்பீர்கள். வங்கித் தேர்வுக் கணக்கும் நேர்முகத் தேர்வும் உங்களுக்குக் கைவந்தவை. நூலகரிடம் பேசி வாரம் ஒரு மணி நேரம் சொல்லித்தர முடியுமா என்று கேளுங்கள். ஆனால் அங்கே நீங்கள் 'சார்'. மரியாதை கிடைக்கும், தோழமை கிடைக்காது. அதனால் நீங்கள் சாதாரண ஆளாக, முடிந்தால் கற்றுக்கொள்கிறவராக இருக்கும் இடம் ஒன்றும் தேவை. நூலக வாசகர் வட்டம், கோயில் உழவாரப் பணிக் குழு, நீச்சல், தேவார வகுப்பு என்று உங்கள் மனம் எதில் ஒட்டுகிறதோ அது. ஒரு நிபந்தனை, குறைந்தது எட்டு வாரம் தொடர்ந்து போக வேண்டும். முதல் மூன்று வாரம் யாரும் உங்களைக் கவனிக்கவில்லை என்றுதான் தோன்றும். நான்காவது ஐந்தாவது வாரத்தில் 'போன வாரம் காணோமே' என்று ஒருவர் கேட்பார்.

உங்கள் மனைவி சொன்னதைப் பற்றி. "தனியா இருக்கேன்" என்று நீங்கள் சொன்னது அவர் காதில் "நீ போதவில்லை" என்று விழுந்திருக்கிறது. காலை ஐந்து மணிக்கு எழுந்து சமையல், பள்ளி, மாலையில் மாமியாரின் மாத்திரை என்று ஓடுகிறவருக்கு அது சுடத்தான் செய்யும். அந்த வயதில் மாதவிடாய் நிற்கும் காலத்தின் தூக்கமின்மையும் உடம்புச் சூடும் அவருக்கும் இருக்கலாம், கேட்டிருக்கிறீர்களா? பேச்சை மாற்றி எடுங்கள்: "உன்மேல குறை இல்லம்மா. ஊர் ஊரா மாறினதுல எனக்குன்னு ஆள் இல்லாமப் போச்சு. அதைச் சரி பண்ணப் பார்க்கிறேன்." கூடவே அம்மாவின் வேலைகளில் இரண்டை முழுதாக உங்கள் பொறுப்பில் எடுத்துக்கொள்ளுங்கள். மாத்திரை டப்பாவை வாரத்துக்கு ஒருமுறை நிரப்புவதும் மருத்துவரிடம் அழைத்துப் போவதும் என்று வைத்துக்கொள்ளலாம். 'உதவி' செய்வதாக இல்லாமல், உங்கள் வேலையாக. மிச்சமாகும் நேரத்தில் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு இருவரும் இருபது நிமிடம் தெருவில் நடங்கள். அந்த நேரத்தில் மகன் கல்யாணம், கரண்ட் பில், அம்மாவின் சர்க்கரை மூன்றும் பேசக் கூடாது. முதல் வாரம் மௌனமாகத்தான் நடப்பீர்கள், பரவாயில்லை. ஆனால் எல்லாத் தோழமையையும் மனைவி ஒருவரிடமே எதிர்பார்க்காதீர்கள், ஒரு மனுஷியால் அதைத் தாங்க முடியாது.

அம்மாவிடம் பழைய புகைப்பட ஆல்பத்தை எடுத்துக்கொண்டு வாரம் ஒரு நாள் உட்காருங்கள். படத்தில் இருப்பவர்கள் பெயரைக் கேட்டுப் பின்பக்கம் எழுதுங்கள், போனில் குரலைப் பதிவு செய்யுங்கள். மகனிடம் 'சாப்பிட்டியா' என்பதற்குப் பதில் அவன் வேலையில் உங்களுக்குப் புரியாத ஒன்றை விளக்கச் சொல்லுங்கள். சொல்லிக்கொடுக்கும் இடத்தில் இருக்கும்போது பிள்ளைகள் நிறையப் பேசுவார்கள்.

விடிகாலை மூன்று மணி விழிப்பை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. அதோடு, முன்பு பிடித்த எதிலும் ஈடுபாடு இல்லாமை, பசியின்மை, காலையில் மனபாரம் அதிகமாக இருப்பது, 'நான் எதற்கும் உதவாதவன்' என்ற எண்ணம் ஆகியவை இரண்டு வாரத்துக்கு மேல் பெரும்பாலான நாட்கள் இருந்தால், தனிமையோடு மனச்சோர்வு நோயும் சேர்ந்திருக்கிறது என்று சந்தேகிக்க வேண்டும். அது நண்பர்களால் மட்டும் தீராது, மனநல மருத்துவரைப் பாருங்கள். தைராய்டு, பி12, ஹீமோகுளோபின், சர்க்கரை அளவுகளையும் பார்த்துவிடுவது நல்லது. இவற்றில் கோளாறு இருந்தாலும் உடம்பும் மனசும் சோர்ந்துபோகும். உயிரோடு இருந்து என்ன பயன் என்று ஒருமுறை தோன்றினாலும் மருத்துவர் நேரம் கொடுக்கும் வரை காத்திருக்க வேண்டாம். டெலி மானஸ் 14416, மத்திய அரசின் இலவச மனநல உதவி எண், 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். மனைவியிடமும் அன்றே சொல்லிவிடுங்கள்.

எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் தொடங்க வேண்டாம். இந்த வாரம் காது பரிசோதனைக்கு நேரம் வாங்குவதும் தஞ்சாவூருக்கு ஒரு போனும் மட்டும். அடுத்த வாரம் அந்த மூவரில் ஒருவருக்கு. முதல் ஞாயிறு நடை அடுத்த மாதத்திலிருந்து. மூன்று மாதம் கழித்து டைரியைத் திறந்து அதே மூன்று கேள்விகளுக்கு மறுபடி மதிப்பெண் போடுங்கள். எண் ஒன்று குறைந்திருந்தாலும் சரியான வழியில் போகிறீர்கள். குறையவே இல்லை என்றால் இரண்டு எண்களையும், எந்தெந்த வேலைகளைச் செய்ய முடிந்தது, எது முடியவில்லை என்பதையும் சேர்த்து எனக்கு எழுதுங்கள். எங்கே தடுக்கிறது என்று சேர்ந்தே பார்ப்போம்.